காய்ச்சலின் முதல் இரண்டு நாள்

2011 மார்ச் 20, சேப்பாக்கம். உலகக் கோப்பையில் இந்தியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் மோதிய ஆட்டம். மட்டை பிடித்துக்கொண்டிருந்த யுவராஜ் சிங் மைதானத்திலேயே குனிந்து வாந்தி எடுத்தார். இருமல் வேறு விடவில்லை. நிமிர்ந்து நின்று மறுபடி ஆடினார். அன்று அவர் எடுத்தது 113 ஓட்டங்கள். பிறகு பந்து வீசி 2 விக்கெட். ஆட்ட நாயகன் விருதும் அவருக்கே. சென்னை வெயில் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று பேசிக்கொண்டோம். நெஞ்சுக்குள், இரண்டு நுரையீரல்களுக்கும் நடுவே, புற்றுநோய்க் கட்டி இருந்தது பின்னால்தான் ஊருக்குத் தெரிந்தது. 2012இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் கீமோதெரபி எடுத்துக்கொண்டு தேறி வந்தார்.

அன்று தொலைக்காட்சிக்கு முன்னால் கைதட்டியவர்களில் நானும் ஒருவன். அந்த ஆட்டத்தை இன்றைக்கும் மதிக்கிறேன். ஆனால் அவர் உடம்பு சொன்ன செய்தியை நாங்கள் யாருமே செய்தியாக எடுத்துக்கொள்ளவில்லை என்பது இத்தனை வருடம் கழித்தும் உறுத்துகிறது. உடம்பு முடியாதபோதும் ஓடுகிறவன் வீரன், படுத்துக்கொள்கிறவன் சோம்பேறி என்று ஒரு கணக்கு நமக்குள் ஊறிப்போயிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் பி.டி. பீரியடில் ‘உடம்பு முடியல சார்’ என்று சொன்ன பையனை எந்தக் கண்ணோடு பார்த்தோம் என்று நினைத்துப் பார்த்தால் போதும்.

உடம்பு சரியில்லாத நாளில் உடற்பயிற்சி செய்யலாமா, கூடாதா? மருத்துவ உலகம் இதை முக்கால் நூற்றாண்டுக்கும் மேலாகத் தோண்டிப் பார்த்திருக்கிறது. அதைப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று உறுதிப்பட்டது. மன உறுதியின் அளவைச் சோதிக்கிற கேள்வியாக இதை நாம் ஆக்கிவைத்திருக்கிறோம். உண்மையில், வந்திருப்பது என்ன நோய் என்று அன்றைக்கு நமக்கு எவ்வளவு தெரியும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முடிவெடுக்க வேண்டிய நாளோ முதல் நாள். மிகக் குறைவாகத் தெரிந்திருக்கிற நாளும் அதுதான்.

எங்கள் தெருமுனை ஜிம்மில் ஒருநாள் காலை நடந்தது. நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே ட்ரெட்மில்லில் ஏறினார். கண் சிவந்திருந்தது, தோளில் கிடந்த துண்டை ஒரு கையால் இழுத்துக் கழுத்தோடு சுற்றிக்கொண்டார், குளிர்கிறவரைப் போல. “நேத்து ராத்திரிலேர்ந்து ஜுரம் அடிக்கிற மாதிரியே இருக்கு, மாஸ்டர்.” பயிற்சியாளருக்கு இருபத்தைந்து வயதிருக்கும், நல்ல பையன். “ஒண்ணுமில்லண்ணா, நல்லா வேர்க்க விடுங்க. ஜுரம் தானா இறங்கிடும்” என்று வேகத்தைக் கூட்டிவிட்டுப் போனான்.

அவன் சொன்னது அவன் கண்டுபிடித்ததல்ல. கஷாயம் குடித்து, கம்பளியைப் போர்த்திக்கொண்டு வேர்க்க வேர்க்கப் படுத்த வீடுகள்தானே நம்முடையவை. வேர்த்ததும் காய்ச்சல் விட்டதை நம் கண்ணால் பார்த்திருக்கிறோம். எது முன்னால், எது பின்னால் என்பதில்தான் பிசகு. மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸ், கிருமி வந்ததும் உடம்பின் வெப்ப அளவை ஏற்றிவைக்கிறது. அந்த அளவை எட்டும்வரை குளிர்கிறது, நடுங்குகிறது. அளவை அது மறுபடி இறக்கிய பிறகு, மிச்சமுள்ள சூட்டை வெளியேற்ற உடம்பு வேர்க்கிறது. காய்ச்சல் விடத் தொடங்கிவிட்டதால் வருவது அந்த வேர்வை. ட்ரெட்மில்லில் வருவது தசை உண்டாக்கிய சூட்டால் வருவது. அதற்கும் ஹைப்போதலாமஸ் குறித்த அளவுக்கும் சம்பந்தமில்லை. காய்ச்சல் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் உடம்பு செலவழிக்கும் ஆற்றல் 10 முதல் 13 சதவீதம் கூடுகிறது. இதயம் நிமிடத்துக்குச் சுமார் 10 துடிப்பு அதிகம் துடிக்கிறது. 39 டிகிரியோடு நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருப்பவரின் இதயமே இருபது துடிப்பு கூடுதலாக உழைத்துக்கொண்டிருக்கிறது. அதன்மேல் ஓட்டம், அதன்மேல் சென்னையின் புழுக்கம். காற்றில் ஈரம் நிறைந்த ஊரில் வேர்வை வழியுமே தவிரக் காயாது. காயாத வேர்வை குளிர்ச்சி தராது. ஓட்டத்தின் நடுவே வெப்பத் தாக்கில் விழுகிறவர்களைப் பற்றிய ஆய்வுகளில் சமீபத்திய காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் முக்கியமான காரணங்களாகத் திரும்பத் திரும்ப வருகின்றன.

இன்றைக்கு உலகம் முழுவதும் பயிற்சியாளர்கள் சொல்லும் ‘கழுத்து விதி’ 1993இல் எழுத்தில் வந்தது. எழுதியவர் அமெரிக்காவில் ஓக்லஹோமா பல்கலைக்கழக விளையாட்டு அணிகளுக்கு மருத்துவராக இருந்த ராண்டி ஐக்னர். தொந்தரவு கழுத்துக்கு மேலே மட்டும் இருந்தால், அதாவது மூக்கொழுகல், தும்மல், தொண்டைக் கரகரப்பு என்றால், பாதி வேகத்தில் பத்து நிமிடம் செய்து பார். தலை தெளிந்தால் தொடர், கனத்தால் நிறுத்து. கழுத்துக்குக் கீழே இறங்கிவிட்டால், காய்ச்சல், உடம்புவலி, நெஞ்சுச்சளி, வாந்தி, வயிற்றுப்போக்கு இருந்தால், தொடவே தொடாதே. இரண்டாயிரம் ஆண்டுப் பழமை சொல்லப்படும் சுஸ்ருத சம்ஹிதையிலும் இதன் சாயல் உண்டு. உடம்பின் பலத்தில் பாதிவரைக்கும்தான் பயிற்சி. மூச்சு வாய்வழி வரத் தொடங்குவது அந்தப் பாதியின் அடையாளம். இருமலும் இளைப்பும் உடல் மெலிவும் உள்ளவர்கள் செய்ய வேண்டாம் என்கிறது அந்த நூல்.

ஐக்னரின் விதியின் மேல்பாதிக்கு ஆதாரம் தேடியவர் இண்டியானா மாநிலத்தின் பால் ஸ்டேட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமஸ் வைட்னர். 1998இல் வெளியான அவருடைய ஆய்வு எனக்குப் பிடித்த ஒன்று, ஏனென்றால் ஜலதோஷம் தானாக வரட்டும் என்று காத்திருக்காமல் அவரே வரவழைத்தார். 50 மாணவர்களின் மூக்கில் ரைனோவைரஸை விட்டார். 34 பேர் ஒருநாள் விட்டு ஒருநாள் 40 நிமிடம் நடுத்தர வேகத்தில் பயிற்சி செய்தார்கள்; 16 பேர் செய்யவில்லை. பத்து நாள் கழித்துப் பார்த்தால் இரு தரப்புக்கும் ஜலதோஷத்தின் கடுமையிலும் வித்தியாசமில்லை, அது நீடித்த நாளிலும் வித்தியாசமில்லை. அதற்கு முந்தைய ஆண்டு வெளியான ஆய்வில், ஜலதோஷம் உச்சத்தில் இருக்கும்போதுகூட நுரையீரலின் செயலோ ஓட்டத் திறனோ குறையவில்லை என்றும் காட்டியிருந்தார்.

ஆக, வெறும் ஜலதோஷத்துக்கு நடைப்பயிற்சியை நிறுத்த வேண்டியதில்லை. இதை நான் தயங்காமல் சொல்வேன். சர்க்கரைக்காகத் தினமும் நடக்கும் ஐம்பது வயதுக்காரர் ஒரு தும்மலுக்காக ஒரு வாரம் வீட்டில் உட்கார்ந்தால் நஷ்டம் அவருக்குத்தான். மூடிய, குளிரூட்டிய அறையில் பத்துப் பேருக்கு நடுவே மட்டும் இருமிக்கொண்டு நிற்க வேண்டாம். தெருவில் நடக்கலாம், மொட்டை மாடியில் நடக்கலாம்.

ஆனால் வைட்னரின் மாணவர்களுக்கும் நமக்கும் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. அவர்களுக்கு வந்தது என்ன வைரஸ் என்று முன்கூட்டியே தெரியும். இருப்பவற்றில் சாதுவான ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஆரோக்கியமான இளைஞர்களுக்குக் கொடுத்தார்கள். நமக்கு அந்தச் சீட்டு கிடைப்பதில்லை. தொண்டை கரகரக்கிறது, உடம்பு லேசாகக் கனக்கிறது. அது ஜலதோஷமாகவும் இருக்கலாம், வேறு எதுவாகவும் இருக்கலாம்.

வேறு எதுவாகவும் என்பதன் பொருளை மருத்துவம் போலியோவிடமிருந்து கற்றது. 1940களின் பிற்பகுதியில் ஆக்ஸ்ஃபோர்டில் நரம்பியல் மருத்துவராக இருந்த ரிச்சி ரஸ்ஸல், கைகால் முடங்கி வந்த போலியோ நோயாளிகளிடம் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார். தலைவலியும் முதுகு இறுக்கமும் தொடங்கியதிலிருந்து கைகால் விழும்வரை, அந்த ஒன்றிரண்டு நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? தொடங்கியதுமே படுத்துவிட்டவர்களுக்குப் பாதிப்பு பெரும்பாலும் லேசாக இருந்தது. வியர்க்க விறுவிறுக்க உழைத்தவர்கள், விளையாடியவர்கள், ‘ஓடினால் சரியாகிவிடும்’ என்று ஓடியவர்கள் மிக மோசமாக முடங்கிப்போயிருந்தார்கள். 1950இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டோரதி ஹார்ஸ்ட்மனும் இதே கேள்வியை ஆராய்ந்து எழுதினார். இந்தியாவில் காட்டுப் போலியோ கடைசியாக ஒரு குழந்தைக்கு வந்தது 2011 ஜனவரியில். அந்த அச்சம் நம்மை விட்டுப் போய்விட்டது. அது சொல்லிக்கொடுத்த பாடமும் கூடவே போய்விட்டதோ என்று எனக்குக் கவலை. சாதாரணக் காய்ச்சல் போல ஆரம்பித்த ஒன்றில், முதல் ஒன்றிரண்டு நாளின் உழைப்பு வாழ்நாள் முழுவதற்குமான கால்களைப் பறித்திருக்கிறது.

அடுத்த பாடம் இதயத்திலிருந்து வந்தது. 1970இல் வெளியான ஓர் ஆய்வில் காக்ஸாக்கி பி3 என்ற வைரஸை எலிக்குஞ்சுகளுக்குக் கொடுத்து, சிலவற்றை வெதுவெதுப்பான தண்ணீரில் நீந்தவிட்டார்கள். நீந்தியவற்றின் இதயத்தில் வைரஸ் 500 மடங்குக்கும் மேல் பெருகியிருந்தது. மற்றபடி பெரிய தொந்தரவில்லாமல் போகக்கூடிய தொற்று, நீந்திய எலிகளில் இதயத் தசையை அரித்தது. எலிதானே என்று விட்டுவிடலாம், சுவீடனின் கதை இல்லாமலிருந்தால். கையில் வரைபடமும் திசைகாட்டியும் வைத்துக்கொண்டு காட்டுக்குள் ஓடும் ஓரியன்டியரிங் என்ற விளையாட்டு அங்கே பிரபலம். 1979 முதல் 1992 வரை அந்த விளையாட்டின் இளம் வீரர்களில் 16 பேர், 15 ஆண்களும் ஒரு பெண்ணும், திடீர் திடீரென்று இறந்துபோனார்கள். நாட்டிலேயே நல்ல உடல்தகுதி உள்ளவர்கள் என்று சொல்லத்தக்க பிள்ளைகள். பிரேதப் பரிசோதனையில் இதய அழற்சி எதிர்பார்த்ததைவிட அதிகமானவர்களிடம் தெரிந்தது. எந்தக் கிருமி என்பது கடைசிவரை முடிவாகவில்லை. ஒன்றிரண்டு பாக்டீரியாக்கள்மேல் சந்தேகம் விழுந்தது. பயிற்சி முறைகளையும், காய்ச்சலோடு ஓடுவதைப் பெருமையாக நினைக்கும் மனப்பான்மையையும் மாற்ற அந்த விளையாட்டுக்காரர்களிடையே முயற்சி எடுக்கப்பட்டது. அடுத்த மூன்றரை ஆண்டுகளில் அப்படி ஒரு சாவுகூட இல்லை. மனப்பான்மையை மாற்றியதுதான் காப்பாற்றியது என்று ஆணித்தரமாகச் சொல்ல ஆதாரம் போதாது. ஆனால் என் வீட்டுப் பிள்ளை ஓடுகிறவனாக இருந்தால் எனக்கு இது போதும்.

நம் ஊருக்கு வருவோம். மழை ஓய்ந்து தண்ணீர் தேங்கிய மாதங்களில் வரும் காய்ச்சலைக் கழுத்து விதியால் அளக்கவே முடியாது. டெங்குவில் காய்ச்சல் அடிக்கும் நாளைவிட அது இறங்கும் நாள்தான் பொல்லாதது. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், உடம்பு குளிர்ந்து ‘அப்பாடா’ என்று எழுந்து உட்காரும் நேரத்தில்தான், சிலருக்கு இரத்த நாளங்களிலிருந்து நீர் கசியத் தொடங்கி, 24 முதல் 48 மணி நேரம் அது நீடிக்கிறது. இரத்தம் கெட்டியாகும், தட்டணுக்கள் சரியும். தெர்மாமீட்டர் நல்ல செய்தி சொல்கிறது. ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பினால் வாசலிலேயே மயக்கம். வேறு காய்ச்சல்களில் ‘விட்ட மறுநாள் மெல்ல நடக்கலாம்’ என்பது சரியாக இருக்கலாம். டெங்குவா என்று சந்தேகம் இருக்கும்வரை அந்தக் கணக்கு இங்கே பொருந்தாது. வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் இரத்தம் இவற்றில் ஒன்று இருந்தாலும் போக வேண்டிய இடம் ஆஸ்பத்திரி.

பாராசிட்டமால் போட்டுக்கொண்டு பயிற்சிக்குப் போவதைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மாத்திரை காய்ச்சலை இறக்கும். காய்ச்சலை உண்டாக்கியதை ஒன்றும் செய்யாது. மாத்திரையின் தயவில் 98.6 காட்டும் உடம்பை, காய்ச்சல் இல்லாத உடம்பு என்று கணக்கில் வைக்கக் கூடாது. மாத்திரை இல்லாமல் ஒரு முழு நாள் கழியட்டும்.

உடற்பயிற்சியே எதிர்ப்பு சக்தியைக் குறைக்குமா என்ற விவாதம் தனி. 1987 லாஸ் ஏஞ்சலஸ் மாரத்தானில் ஓடியவர்களை ஆய்வாளர் டேவிட் நீமன் பின்தொடர்ந்தார். ஓடிய பிறகான வாரத்தில் அவர்களில் 12.9 சதவீதம் பேருக்கு நோய். பதிவு செய்துவிட்டு ஓடாமல் விட்டவர்களில் 2.2 சதவீதம் பேருக்கு. கடும் பயிற்சிக்குப் பிறகு சில மணி நேரம் உடம்பின் ஜன்னல் திறந்து கிடக்கிறது என்ற கருத்து இதிலிருந்தெல்லாம் வளர்ந்தது. 2018இல் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேம்பெலும் டர்னரும் அதை மறுத்தார்கள். இரத்தத்தில் குறையும் எதிர்ப்பு அணுக்கள் சாவதில்லை, காவலுக்கு வேறு உறுப்புகளுக்குப் போகின்றன. பந்தயத்துக்குப் பின் வரும் சளிக்குக் கூட்டமும் தூக்கமின்மையும் பயணமும் காரணமாக இருக்கலாம் என்றார்கள். எனக்கு இவர்கள் பக்கம்தான் கூடுதல் நியாயம் தெரிகிறது. ஆரோக்கியமாக இருக்கும்போது ஒழுங்காகப் பயிற்சி செய்பவர்களுக்கு நோய்ப்பட்ட நாள்கள் குறைவு என்று நீமனே 2011இல் காட்டியும் இருக்கிறார். ஆனால் நலமாக இருக்கும்போது நல்லது செய்வது நோயின் நடுவிலும் நல்லது செய்யும் என்று தாவிவிட முடியாது.

இனி மறுபக்கம். ஓய்வு எடு என்றால் பாயோடு ஒட்டிக்கொள் என்று அர்த்தமாகிவிடுகிறது. 1966இல் அமெரிக்காவின் டல்லாஸில் இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே கிடத்தினார்கள். எழுந்தபோது உடம்பு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறனில் கால்பங்குக்கும் மேல் போயிருந்தது. முப்பது வருடம் கழித்து அதே ஐந்து பேரைச் சோதித்தார்கள். முப்பது வருட மூப்புகூட அந்த மூன்று வாரம் செய்த அளவுக்குச் சேதம் செய்யவில்லை. இதோடு 1984இல் வந்த இன்னொரு ஆய்வைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதில் நன்றாகப் பயின்றவர்கள் பயிற்சியை மட்டும் நிறுத்திவிட்டு வழக்கமான வாழ்க்கையைத் தொடர்ந்தார்கள். மூன்று வாரத்தில் அவர்கள் இழந்தது 7 சதவீதம்தான். நாலு நாள் ஓடாவிட்டால் இத்தனை மாத உழைப்பும் வீண் என்று பதறுகிறவர்களுக்கு இந்த இரண்டு எண்களையும் காட்ட ஆசை. நாலு நாளில் எதுவும் போகாது. வீட்டுக்குள் எழுந்து நடமாடுங்கள், உட்கார்ந்து சாப்பிடுங்கள். வயதானவர்களுக்கு இது இன்னும் முக்கியம். எழுபது வயதில் ஒரு வாரம் படுத்தே கிடந்த கால் மறுபடி மாடிப்படி ஏறச் சிரமப்படும்.

படுக்கையின் மகிமையைக் குறைத்ததில் சென்னைக்கும் பங்குண்டு. காசநோய்க்குச் சானடோரியமும் மாதக்கணக்கில் படுக்கையும்தான் வைத்தியம் என்று உலகம் நம்பிய காலத்தில், 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் வேதிசிகிச்சை மையம் 193 ஏழை நோயாளிகளை இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதி சானடோரியத்தில்: நல்ல சாப்பாடு, ஓய்வு, கவனிப்பு. மறு பாதி நெரிசலான வீட்டிலேயே. மாத்திரை இரு தரப்புக்கும் ஒன்றே. வீட்டில் இருந்தவர்களுக்கு அரைகுறைச் சாப்பாடு, குறைந்த ஓய்வு. ஓராண்டு முடிவில் பலனில் பெரிய வித்தியாசம் இல்லை. 1959இல் அது வெளிவந்த பிறகு உலகின் காசநோய்ச் சிகிச்சையே வீட்டுக்கு மாறியது. மருந்து குணப்படுத்துகிற நோயில் படுக்கை பெரிதாக எதையும் சேர்ப்பதில்லை என்று நிறுவியது நம் ஊர். மருந்தில்லாத வைரஸ் காய்ச்சலுக்கு இதை அப்படியே கொண்டுவந்து பொருத்தக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நோய்க்குப் பிறகு பயிற்சிக்குத் திரும்பி வருவது இன்னொரு சிக்கல். கோவிட் வந்த புதிதில் இதய அழற்சி பற்றிய பயம் பெரிதாக இருந்தது. பிறகு அமெரிக்கக் கல்லூரி வீரர்கள் 3018 பேரைப் பார்த்ததில் இதயம் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று தெரிந்தது 21 பேருக்குத்தான். ஆனால் அப்படிப் பாதிக்கப்படும் ஒருவராக யாரும் இருக்கலாம்: பயர்ன் மியூனிக் கால்பந்து அணியின் அல்போன்சோ டேவிஸ், அந்த வேகமும் இளமையும் இருந்தும், 2022இல் கோவிட்டுக்குப் பின் இதய அழற்சியால் மாதக்கணக்கில் களத்தை விட்டு விலகியிருந்தார். இதய அழற்சி உறுதியானால் மூன்று முதல் ஆறு மாதம் போட்டி விளையாட்டு கூடாது என்பது மருத்துவர்களின் பொது வழக்கம். காய்ச்சலுக்குப் பிறகு நெஞ்சு வலித்தால், காரணமில்லாமல் இதயம் படபடத்தால், முன்பு ஏறிய படியில் இப்போது மூச்சு வாங்கினால், ‘ரொம்ப நாள் விட்டுப்போச்சு, அதான்’ என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாமல் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட வேண்டும்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. அவர்களைத்தான் உலகம் நெடுநாள் நம்பவில்லை. வைரஸ் காய்ச்சல் போய் மாதங்களாகியும், இன்று கொஞ்சம் நடந்தால் நாளையோ மறுநாளோ அடித்துப்போட்டதுபோல விழுந்துவிடுகிறவர்கள். தினம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் சரியாகும் என்று அவர்களுக்குப் பல ஆண்டுகள் பயிற்சியே மருந்தாகத் தரப்பட்டது. நோயாளிகள் ‘இது எங்களைக் கெடுக்கிறது’ என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 2021 அக்டோபரில் பிரிட்டனின் நைஸ் அமைப்பு நாள்பட்ட அயர்ச்சி நோய்க்கான வழிகாட்டுதலிலிருந்து அந்தச் சிகிச்சையை விலக்கியது. கோவிட்டுக்குப் பின் நம் வீடுகளிலும் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களை ‘எழுந்து நாலு நடை நடந்தா சரியாயிடும்’ என்று விரட்டாதீர்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் செய்வதா வேண்டாமா என்று தேர்ந்தெடுக்க முடிந்தவர்களுக்கு. இதயத்துக்கு ட்ரெட்மில்லும் தெரியாது, செங்கல் சட்டியும் தெரியாது. இரண்டும் அதற்கு உழைப்புத்தான். ரிச்சி ரஸ்ஸல் எச்சரித்த முதல் ஒன்றிரண்டு நாளைத் தலைச்சுமையோடு கழிப்பவர்கள் இந்த ஊரில் எத்தனை பேர்! ஈ.எஸ்.ஐ. வளையத்துக்குள் இருக்கும் தொழிலாளிக்கு நோய்க்கால உதவியாகக் கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள்வரை உண்டு. அன்றாடம் ஆளெடுக்கும் கட்டட வேலையில் பெரும்பாலோர் அந்த வளையத்துக்கு வெளியே நிற்கிறார்கள். காய்ச்சல் விடுப்பைக் கூலியோடு அவர்களுக்கும் சேர்த்துத் தராமல் டெங்கு விழிப்புணர்வு பேசுவதில் பாதி வேலை மிச்சமாகவே கிடக்கும் என்று நினைக்கிறேன்.

போன ஐப்பசியில் ஒரு காலை, ஏழு மணி இருக்கும், மருந்துக்கடையில் எனக்கு முன்னால் ஒரு சித்தாள் அம்மா நின்றுகொண்டிருந்தார். புடவைக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை, கையில் சுருட்டிய சும்மாட்டுத் துணி. “ரெண்டு ஜுர மாத்திர, ரெண்டு ஒடம்பு வலி மாத்திர குடுங்கண்ணா.”

கடைக்காரர் ஜுர மாத்திரையை மட்டும் நறுக்கிக் கொடுத்தார். “வலி மாத்திர வேணாம்மா. டெங்குவா இருந்தா ரத்தம் கசியும். ரெண்டு நாள் வீட்ல இரு, ரத்தம் டெஸ்ட் பண்ணிப் பாரு.”

“ரெண்டு நாள் இருந்தா மேஸ்திரி வேற ஆள வெச்சுக்குவாருண்ணா” என்றார் அந்த அம்மா. பக்கத்து டீக்கடையில் ஒரு தம்ளர் தண்ணீர் வாங்கி மாத்திரையை விழுங்கிவிட்டு, சும்மாட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, ஆள் ஏற்ற நின்றிருந்த வண்டியை நோக்கி நடந்தார்.